ஹலால் சுற்றுலாவும் பூண்டு வயலும்: லொம்போக் கிராமங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் விவசாயக் கிராமங்கள் ஹலால் சுற்றுலாவையும் சேர்த்துச் செய்கின்றன என்று நான் வாயைத் திறந்தாலே சில கேள்விகள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டால் அடுத்த முறை இதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஹலால் சுற்றுலா என்றால் உம்ரா, ஜியாரத் மாதிரியா?

இல்லை. அவை வணக்கத்துக்காகப் போகும் பயணங்கள். இது சும்மா ஊர் சுற்றுவது. மலை ஏறலாம், கடலில் குளிக்கலாம், தோட்டத்தில் பழம் பறிக்கலாம். போகிற இடத்தில் சாப்பாட்டைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம், தொழ இடம் இருக்கும், ஒளு (தொழுமுன் முகம், கைகால் கழுவுவது) செய்யத் தண்ணீர் இருக்கும், பக்கத்து மேசையில் மது பாட்டில் இருக்காது, அவ்வளவுதான். குடும்பத்தோடு வெளிநாடு போய்வந்த முஸ்லிம்களைக் கேட்டுப் பாருங்கள், ஊர் பார்த்த நேரத்தைவிட ஹலால் கடை தேடி அலைந்த நேரம்தான் அதிகம் என்பார்கள்.

எத்தனையோ ஊர் இருக்க, லொம்போக் ஏன்?

பாலித் தீவுக்குக் கிழக்கே, நடுவில் ஒரு ஜலசந்தி மட்டும். அந்தப் பக்கம் பெரும்பாலும் இந்துக்கள், இந்தப் பக்கம் பெரும்பாலும் சாசாக் என்ற இனத்து முஸ்லிம்கள். ‘ஆயிரம் பள்ளிவாசல் தீவு’ என்பது இதன் பட்டப்பெயர், எண்ணிப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். பல வருடங்களாக பாலியின் நிழலில் கிடந்த ஊர். 2015இல் அபுதாபியில் நடந்த உலக ஹலால் பயண விருதுகளில் சிறந்த ஹலால் சுற்றுலாத் தலம், சிறந்த ஹலால் தேனிலவுத் தலம் என்று இரண்டு விருதுகளை வாங்கிய பிறகுதான் வெளியாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடமே மாகாண அரசு ஹலால் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டவிதி கொண்டுவந்தது. அதே 2016இல் இந்தோனேசிய உலமா சபையின் தேசிய ஷரீஆ வாரியமும் சுற்றுலாவை ஷரீஆ முறைப்படி நடத்துவது பற்றி ஒரு ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வெளியிட்டது.

விருது, சட்டம் எல்லாம் சரி. எனக்கு இந்தத் தீவில் பிடித்தது வேறு விஷயம். இங்கே ஹலால் என்பது விருந்தாளிக்காகப் புதிதாகப் போட்ட வேஷம் இல்லை. ஊர் ஏற்கெனவே அப்படித்தான் வாழ்கிறது.

இதில் விவசாயம் எங்கே வருகிறது?

செம்பாலுன் என்ற மலை ஊரைப் பார்த்தால் புரியும். 3,726 மீட்டர் உயரமுள்ள ரிஞ்சானி எரிமலையின் கிழக்குப் பக்கம், ஆயிரம் மீட்டருக்கு மேலே, சுற்றிலும் மலை, நடுவில் தட்டுபோல ஒரு பள்ளத்தாக்கு. குளிர், கறுப்பு எரிமலை மண். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ், ஸ்ட்ராபெரி, அப்புறம் அந்த ஊருக்கே உரிய சிவப்பரிசி. கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் போனவர்களுக்குச் சட்டென்று மனதில் படம் வந்துவிடும், நடுவில் ஒரு எரிமலையை மட்டும் நட்டுக்கொள்ளுங்கள்.

1990களின் நடுப்பகுதி வரை இந்தோனேசியாவுக்கு வேண்டிய பூண்டு பெரும்பாலும் உள்ளூரிலேயே விளைந்தது, அதில் செம்பாலுனுக்குப் பெரிய பங்கு. பிறகு 1997-98 நாணய நெருக்கடி வந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தோடு போட்ட ஒப்பந்தங்களால் இறக்குமதிக் கதவு திறந்தது, சீனப் பூண்டு மலிவாக வந்து கொட்டியது, விலை விழுந்தது, வயல்கள் வேறு பயிருக்கு மாறின. இன்று நாட்டின் பூண்டுத் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறக்குமதிதான். இறக்குமதி செய்கிறவர்கள் அதில் 5 சதவீதம் அளவுக்காவது உள்ளூரில் விளைவிக்க வேண்டும் என்று 2017இல் ஒரு விதி வந்தது. அதனால் செம்பாலுன் பூண்டுக்கு விதைப்பூண்டாக மறுபடி ஒரு கிராக்கி. ஆனால் அந்தப் பழைய காலம் திரும்பவில்லை.

ஒரே பயிரை நம்பி ஒருமுறை சூடுபட்ட ஊர் இது. மலையேற வருகிறவன் வாசல் வழியாகத்தான் போகிறான், அவனை ஒரு ராத்திரி தங்கவைத்தால் என்ன, தோட்டத்தில் பழம் பறிக்க விட்டால் என்ன என்று அவர்கள் யோசித்தது அதனால்தான்.

காய்கறி எல்லாம் ஹலால்தானே? சான்றிதழ் எதற்கு?

நல்ல கேள்வி. பறித்தபடியே விற்கும் கேரட்டுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அதையே ஜாமாக, சிப்ஸாக, தேன் கலந்த ஊறலாக மாற்றிப் பொட்டலம் கட்டும்போதுதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ஜெலட்டின் எங்கிருந்து வந்தது, வாசனைப் பொருளில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோழி, மாடு என்றால் அறுப்பவர் யார், எப்படி அறுத்தார் என்பது.

இந்தோனேசியாவில் இதற்கு 2014ஆம் வருடத்துச் சட்டம் எண் 33 இருக்கிறது. 2019 அக்டோபர் 17 முதல் கட்டாயம் என்று தொடங்கி, உணவு, பானம், அறுத்த இறைச்சி ஆகியவற்றுக்கு 2024 அக்டோபர் 17 வரை அவகாசம் தந்தார்கள். குறு, சிறு தொழில் செய்கிறவர்களுக்கு அதை 2026 அக்டோபர் 17 வரை நீட்டினார்கள். வீட்டிலேயே வாழைக்காய் சிப்ஸ் போடும் பெண்மணி ஆய்வகத்துக்கெல்லாம் அலைய வேண்டாம். பொருள் சிக்கலில்லாததாக இருந்தால், தானே உறுதிமொழி கொடுத்து, ஒரு துணையாளர் வந்து சமையலறையைப் பார்த்துச் சரி என்றால் போதும் என்ற வழியும் உண்டு. அதற்கு அரசே செலவை ஏற்கும் திட்டமும் இருக்கிறது.

கிராமத்தில் பலர் தடுமாறுவது படிவத்தில். ஜாம் செய்யத் தெரிந்தவருக்கு இணையத்தில் கணக்கு தொடங்கத் தெரியாது. கல்லூரி படிக்கும் மகளோ மருமகனோ இருக்கிற வீடு முந்திவிடும்.

வீட்டில் விருந்தாளி தங்க வேண்டுமானால் என்னவெல்லாம் மாற்ற வேண்டும்?

முஸ்லிம் வீடு என்றால் மாற்ற வேண்டியது குறைவு. கழிப்பறையில் காகிதத்தைத் தொங்கவிட்டுத் தண்ணீரை மறந்துவிடக் கூடாது (ஐரோப்பிய விருந்தாளிக்காகச் ‘சீர்திருத்தம்’ செய்த சில விடுதிகளில் இந்தக் கூத்து நடக்கிறது). கிப்லா, அதாவது தொழும் திசை, எந்தப் பக்கம் என்று கூரையில் ஓர் அம்புக்குறி, லொம்போக்கிலிருந்து மேற்கே பார்த்துக் கொஞ்சம் வடக்கே சாய வேண்டும். முஸல்லா என்ற தொழுகை விரிப்பு, பெண்களுக்குத் தொழுகை உடை. தோட்டம் சுற்றிக் காட்டும் நேரத்தை நண்பகல் (லுஹர்), பிற்பகல் (அஸர்) தொழுகைகளோடு மோதாமல் வைப்பது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எந்த வழிகாட்டியும் கிடைக்கமாட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது.

குடும்பமாக வருகிறவர்கள் பெரிதாக எதிர்பார்ப்பது பிறர் கண்ணில் படாத மறைப்புதான். நான் தங்கிய வீட்டில் குளியலறை பின்கட்டில், வயலைப் பார்த்தபடி இருந்தது. அழகுதான், ஆனால் ஒரு மூங்கில் தட்டி குறைந்தது. வீட்டம்மாவிடம் என் மனைவி மெதுவாகச் சொன்னாள். மறுநாள் காலை நாங்கள் எழுந்தபோது தட்டி நின்றிருந்தது, மூங்கில் இன்னும் பச்சையாக, வெட்டிய வாய் ஈரமாக. வீட்டுக்காரர் சுபுஹ் தொழுதுவிட்டு வந்து கட்டியிருக்கிறார். கூலியும் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, காபியை வைத்துவிட்டுப் பூண்டு வயலுக்குப் போய்விட்டார்.

விருந்தாளி கொடுக்கும் காசு உண்மையில் யாருக்குப் போகிறது?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, கடைசியில்தான் கேட்கிறார்கள். பதிலை ஒரு தட்டில் பார்க்கலாம்.

அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, சொந்த வயலில் விளைந்தது. கோழி, முற்றத்தில் மேய்ந்தது, வீட்டுக்காரரே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தது. பிளெசிங் கங்குங் என்று வள்ளல்கீரை மாதிரி ஒரு கீரையை வேகவைத்துத் தக்காளி, மிளகாய், இறால் விழுது அரைத்த சம்பலை மேலே ஊற்றித் தருவார்கள், நாக்கில் நெருப்பு வைக்கும். கீரையும் மிளகாயும் அக்கம்பக்கத்தார் கொடுத்தவை. எண்ணெய், சர்க்கரை, இறால் விழுது மூன்றும் கீழே சந்தையிலிருந்து. பூண்டு? அடுப்பங்கரைக் கூடையில் கிடந்தது பெரிய பெரிய வெள்ளைச் சீனப் பூண்டு. சன்னலுக்கு வெளியே பூண்டு வயல்! கேட்டேன். வீட்டம்மா சிரித்துக்கொண்டே, எங்களுடையது சின்னது, காரம் அதிகம், விதைக்கு நல்ல விலை போகிறது, அதை யார் சமைப்பார்கள் என்றார். கணக்கில் அவர் சொன்னது சரிதான். ஆனால் விருந்தாளியாகிய நான் அந்தச் சின்னப் பூண்டைத் தின்னத்தானே அவ்வளவு தூரம் போனேன், ஒரு பிடியை வறுத்துத் தட்டோரம் வைத்து அதற்குத் தனியாகக் காசு கேட்டிருந்தால் மறுபேச்சு பேசாமல் கொடுத்திருப்பேன்.

என் கருத்து முழுவதும் இதுதான். ‘ஹலால்’ என்ற சொல் விருந்தாளியை வாசல்வரை கூட்டிவரும். அவர் காசு ஊரில் தங்குமா, லாரி ஏறிப் போய்விடுமா என்பதைத் தட்டில் இருப்பது எங்கே விளைந்தது என்பதுதான் முடிவு செய்யும். நகரத்து முகவர் வேனில் ஆட்களை ஏற்றிவந்து, நகரத்தில் வாங்கிய பொட்டலச் சோற்றைத் தோட்டத்தோரம் உட்காரவைத்துக் கொடுத்து, படம் எடுக்கவைத்துத் திரும்பக் கூட்டிப்போனால் அதுவும் ஹலால் சுற்றுலாதான். விவசாயிக்கு மிஞ்சுவது மிதிபட்ட வரப்பு.

அப்படியானால் ஊரே சேர்ந்து நடத்த வழி இருக்கிறதா?

இருக்கிறது. ‘பும்டெஸ்’ என்று கிராமத்துக்கே சொந்தமான தொழில் நிறுவனம். 2014இல் வந்த கிராமச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் மத்திய அரசு நேராகக் கிராமங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியதும் இவை பெருகின. இன்னொன்று ‘பொக்தார்விஸ்’, ஊர் இளைஞர்கள் கூடி நடத்தும் சுற்றுலாக் குழு. வாகன நிறுத்தம், நுழைவுக் கட்டணம், எந்த வீட்டுக்கு இந்த முறை விருந்தாளி என்ற சுழல்முறை, இதெல்லாம் அவர்கள் கையில்.

சுழல்முறை பேப்பரில் நன்றாக இருக்கும். நடைமுறையில் நல்ல குளியலறை உள்ள நாலு வீட்டுக்கே ஆட்கள் திரும்பத் திரும்பப் போவார்கள். இதைத் திட்டிப் பயனில்லை. தங்கவைக்க முடியாத வீட்டிடம் கீரையும் முட்டையும் வாங்குகிறோம் என்று ஊரில் ஒரு ஒப்புதல் இருந்தால் போதும். அந்த ஒப்புதல் இல்லாத ஊரில் பொறாமை வந்துவிடும், பிறகு வழிகேட்டால்கூடத் தவறான பாதையைக் காட்டுவார்கள்.

நிலமில்லாதவர்களுக்கு இதனால் என்ன?

லொம்போக்கின், முக்கியமாக கிழக்கு லொம்போக்கின், பெரிய ‘ஏற்றுமதி’ ஆட்கள்தான். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களுக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் பால்மரம் சீவிய எஸ்டேட் பக்கங்களில் இப்போது வேலை செய்கிறவர்களில் லொம்போக்காரர்களும் நிறையப் பேர். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுது கால் வயிறு கஞ்சி என்றால் யார்தான் போகமாட்டார்கள்?

மலையேறுபவர்களின் மூட்டையைத் தோள்காவடியில் சுமக்கும் வேலை, வழிகாட்டுவது, பழத்தோட்டத்தில் கூடை எடுத்துக்கொடுத்து எடைபோடும் வேலை எல்லாம் இவர்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் மழைக்காலத்தில், பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை, ரிஞ்சானிப் பாதையை மூடிவிடுவார்கள். அந்த மூன்று மாதத்துக்கு வயல்வேலை இருந்தால்தான் அடுப்பு எரியும். சுற்றுலா வந்துவிட்டது என்று விவசாயத்தை விட்டால் கதை கந்தல்.

நிலநடுக்கம் வந்ததே, அப்போது என்ன ஆயிற்று?

2018 ஜூலை 29 அன்று 6.4 அளவில் ஒன்று, அதன் மையம் செம்பாலுன் பக்கம்தான். மலைமேல் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 5, இன்னும் பெரியது. மொத்தத்தில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரிஞ்சானி ‘யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா’ ஆன அதே வருடம் இது. மலைப்பாதை மறுவருடம்தான் திறந்தது, கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் கொரோனா.

விடுதிகள் காலியாகக் கிடந்த காலத்திலும் வயலில் கேரட் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

புகையிலைத் தோட்டத்தை ஹலால் சுற்றுலாவில் காட்டலாமா?

சங்கடமான கேள்வி, ஆனால் தவிர்க்க முடியாது. கிழக்கு, மத்திய லொம்போக்கில் வர்ஜீனியா புகையிலை பெரிய காசுப்பயிர். கோபுரம்போல உயர்ந்த செங்கல் உலர்த்தும் அறைகள் வயலுக்கு நடுவில் நிற்கும், சுற்றுலாக்காரர்களுக்கு அது புதுமை.

மார்க்க நிலையில் ஒருமித்த கருத்து கிடையாது. 2009இல் சுமத்ராவின் பாடாங் பாஞ்சாங் நகரில் உலமா சபை கூட்டிய உலமாக்கள் சிறுவர்களும் கர்ப்பிணிகளும் புகைப்பதையும் பொது இடத்தில் புகைப்பதையும் ஹராம் (தடுக்கப்பட்டது) என்றார்கள், மற்றபடி மக்ரூஹா (தவிர்ப்பது நல்லது) ஹராமா என்பதில் கருத்து வேறுபாடு என்று விட்டுவிட்டார்கள். நாட்டின் இரண்டு பெரிய முஸ்லிம் அமைப்புகளில் முஹம்மதியா அடுத்த வருடம் முழுக்க ஹராம் என்றது. மற்றதான நஹ்தத்துல் உலமா பக்கம் மக்ரூஹ் என்பதோடு நிற்கிறது. ஊர்க்காரர்கள் வயலைக் காட்டுவார்கள், வாங்கச் சொல்லி வற்புறுத்தமாட்டார்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் பக்கத்தில் தெதெபத்து மாதிரி நெல்வயல் கிராமத்துக்குப் போய்விடலாம். தெதெபத்துவை 2021இல் உலகச் சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமங்கள் பட்டியலுக்கு இந்தோனேசியா பரிந்துரைத்தது.

வட்டியில்லாமல் முதல் கிடைக்குமா? ஜகாத் எப்படி?

மாகாண அரசின் வங்கியே 2018இல் முழு ஷரீஆ வங்கியாக மாறிவிட்டது, லாபப் பங்கு முறையில் கேட்கலாம். ஆனால் ரெண்டு அறை கட்டுவதற்குப் பலர் நம்புவது மலேசியாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தைத்தான்.

ஜகாத் என்ற கட்டாய தானத்தில் சாசாக் மக்கள் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களுக்கு இது பழக்கமானது. சேமித்து வைத்துச் சாப்பிடும் முக்கிய தானியத்துக்கு அறுவடையில், மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, காசு செலவழித்துத் தண்ணீர் இறைத்தால் இருபதில் ஒன்று. இந்தோனேசியாவில் இதற்கு 653 கிலோ நெல்லை வரம்பாக வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ராபெரிக்கும் அறை வாடகைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதெல்லாம் வியாபார வருமானக் கணக்கு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள், என்னிடம் ஃபத்வா கேட்காதீர்கள்.

முஸ்லிம் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. இன்றும் ரிஞ்சானி ஏற ஐரோப்பியர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். வடமேற்கில் இருக்கும் கிலித் தீவுகளில் மதுக்கடைகளும் உண்டு, அதை யாரும் மூடிவிடவில்லை. கிராமத்து வீட்டில் மட்டும் பாட்டிலையும் பன்றி இறைச்சியையும் கொண்டுபோகாதீர்கள், உடையில் கொஞ்சம் கவனம், அவ்வளவுதான்.

‘ஹலால்’ முத்திரையை எல்லா ஊரிலும் குத்த முடியாது என்பதையும் சொல்லவேண்டும். 2019இல் பாலியிலும் சுமத்ராவின் தோபா ஏரிப் பக்கமும் இந்தப் பேச்சை எடுத்தபோது பெரிய எதிர்ப்பு வந்தது. தோபாவில் பதாக் கிறிஸ்தவர்கள் பன்றித் திருவிழாவே நடத்திக் காட்டினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விருந்தாளிக்கு ஒரு ஹலால் சமையலறை வைத்துக்கொடுப்பது வேறு, ஊர்க்காரன் தட்டில் கைவைப்பது வேறு.

நோன்பு மாதத்தில் போகலாமா?

போகலாம், பகலில் சாப்பாட்டுக்கடை கிடைப்பது கஷ்டம். நோன்பு திறக்கும் நேரத்தில் எந்த வீட்டிலும் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். என்னைக் கேட்டால் பெருநாள் முடிந்து ஏழாம் நாள் வரும் ‘லெபாரான் தோபாத்’துக்குப் போங்கள். தென்னங்குருத்தில் பின்னிய கூட்டில் வேகவைத்த சோற்றைத் தூக்கிக்கொண்டு ஊரே கடற்கரைக்கும் மகான்களின் கபுறுகளுக்கும் கிளம்பும்.

சரி, எப்படிப் போவது?

விமான நிலையம் தெற்கே பிராயாவில். அங்கிருந்து செம்பாலுனுக்கு மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதி கொண்டை ஊசி வளைவுகள், வாந்தி எடுக்கிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். பாலியிலிருந்து படகிலும் வரலாம். மழை ஓய்ந்து நட்ட பூண்டு நாலு மாதத்தில் அறுவடைக்கு வரும், அந்தச் சமயம் போனால் வாசல் எல்லாம் பூண்டுக் கொத்து தொங்கும், ஊரே மணக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். வீட்டில் தங்கினால் சாப்பிடும் முன்பே, உங்கள் ஊர்ப் பூண்டைச் சமையுங்கள், காசு சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நான் இரண்டாம் இரவு சொன்னேன், மூன்றாம் இரவு தட்டில் வந்தது. காரம் உண்மைதான்.